கருவிழிப் புண் ஆய்வு எங்கே தொடங்குகிறது

கருவிழிப் புண்ணுக்கு எந்தச் சொட்டு மருந்து நல்லது என்ற கேள்விக்கு உலகக் கண் மருத்துவம் இன்று சொல்லும் பதிலில் பெரும்பங்கு தமிழ்நாட்டு நோயாளிகளின் கண்களிலிருந்து கிடைத்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனையும் சான் பிரான்சிஸ்கோவின் பிராக்டர் நிறுவனமும் கூட்டாக நடத்திய குலுக்கல் முறை ஆய்வுகளே அதற்கு ஆதாரம். பாக்டீரியாப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக்குடன் ஸ்டீராய்டு சொட்டும் சேர்த்தால் மூன்று மாதத்தில் பார்வை கூடுகிறதா என்று ‘ஸ்கட்’ ஆய்வு பார்த்தது. ஒட்டுமொத்தமாகக் கூடவில்லை என்று 2012இல் முடிவு வந்தது. அதில் சேர்ந்த 500 பேரில் 485 பேர் அரவிந்த் மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள். 2013இல் வெளியான முதல் ‘மட்’ ஆய்வில் 323 பேர். புதிய மருந்தான வோரிகோனசோலை, 1978இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்த நாட்டமைசின் வென்றது, குறிப்பாக ஃபியூசேரியம் பூஞ்சைக்கு. வோரிகோனசோல் போட்டவர்களுக்குக் கருவிழியில் ஓட்டை விழுவது அதிகமாக இருந்ததால் ஆள் சேர்ப்பது முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. வோரிகோனசோலை மாத்திரையாகவும் சேர்த்துக் கொடுத்த இரண்டாம் ‘மட்’ ஆய்வு 240 பேருடன் 2016இல் வந்தது. மாத்திரையால் பொதுப் பயன் இல்லை. புற ஊதா ஒளியும் ரைபோஃபிளேவினும் கொண்டு கருவிழியை இறுக்கும் முறையை 111 பேரிடம் சோதித்த 2020ஆம் ஆண்டு ஆய்வும் பூஞ்சைப் புண்ணில் அதனால் பயனில்லை என்றே முடிந்தது.

இவை நேர்மையான ஆய்வுகள். எதிர்பார்த்தது பொய்த்தபோது அதை மறைக்காமல் அச்சிட்டார்கள். தீங்கு தெரிந்ததும் நிறுத்தினார்கள். புதிய மருந்துக்கு ஆதரவாக முடிவை வளைக்கவில்லை. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் நாட்டமைசினைச் சேர்த்ததற்கு இந்த உழைப்பு அடிப்படை. இதில் மறுக்க ஒன்றுமில்லை.

மறுக்க வேண்டியது, இந்த வெற்றியைச் சுற்றி வளர்ந்துவிட்ட ஒரு வாதத்தை. கருவிழி நோயில் நம்பத்தக்க அறிவு என்றால் மருத்துவமனைக்குள் நடக்கும் குலுக்கல் ஆய்வுதான், மற்றவை கணக்கெடுப்பும் தொண்டும் மட்டுமே என்பது அந்த வாதம். அடுத்த நிதியும் அடுத்த மாணவரும் அடுத்த மருந்தைச் சோதிக்கவே போவதற்கு இதுவே காரணம்.

மேலே சொன்ன நான்கு முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு பொதுமை தெரியும்: புதிதாகச் சேர்த்துப் பார்த்த எதுவும் பழைய சிகிச்சையை மிஞ்சவில்லை. இது தற்செயல் அல்ல. கருவிழியின் கனம் நடுப்பகுதியில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதன் மேல்தோல் அதில் பத்தில் ஒரு பங்கு. அந்தத் தோல் மட்டும் உரிந்தால் ஓரிரு நாளில் தழும்பில்லாமல் மூடிக்கொள்ளும். கிருமி அதைத் தாண்டி உள்ளடுக்குக்குள் இறங்கிவிட்டால் கதை வேறு. அங்கே நார்கள் ஒளியை விடும்படி ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அழுகி ஆறிய இடத்தில் அந்த ஒழுங்கு திரும்புவதில்லை. மருந்து கிருமியைக் கொல்லும், தழும்பை அகற்றாது. ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று ஊரார் சொல்வது இந்தத் தழும்பைத்தான். பார்வையை அளவுகோலாக வைத்த ஓர் ஆய்வு, புண் ஆழமாகிவிட்ட பிறகு இரண்டு மருந்துகளை ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு எப்படிக் கிடைக்கும்? இந்த ஆய்வுகளின் தரவை மறுபடி அலசியவர்கள் கண்டதும் இதையே: பின்னாளில் பார்வை எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டிச் சொன்னவை, வந்த அன்று இருந்த பார்வையும் புண்ணின் அளவும். அதாவது, முடிவு பெருமளவு வாசலுக்கு வெளியிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஆய்வு தொடங்குவதோ வாசலுக்கு உள்ளே.

சேர்க்கை விதிகள் இந்தக் குறையைக் கூட்டுகின்றன. முதல் ‘மட்’ ஆய்வு இடைநிலைப் பார்வை உள்ளவர்களையே எடுத்தது. இரண்டாவது, கடுமையான புண்களை எடுத்தது. ஓட்டை விழும் நிலையில் இருந்தவர்களும் இரு கண்ணிலும் புண் வந்தவர்களும் 16 வயதுக்குக் குறைந்தவர்களும் சேர்க்கப்படவில்லை. மற்றக் கண்ணில் பார்வை ஏற்கெனவே மோசமாக இருந்தவர்களும் அப்படியே. ஒவ்வொரு விதிக்கும் நியாயம் உண்டு. ஆனால் இருப்பது ஒரு கண், அதிலும் புண் என்று வருபவரைப் பற்றி இந்த ஆய்வுகள் எதுவும் சொல்லாது. இழப்பு மிகப் பெரியதாக இருப்பதோ அவருக்குத்தான்.

வாசலுக்கு வெளியே பார்க்க முடியாது என்பதும் உண்மையல்ல. மதுரை மாவட்டத்தில் 1993ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டபோது ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது தெரிந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு கவுண்டியில் எடுத்த கணக்கு 11. மறு ஆண்டு முதல் மூன்று மாதத்தில் மதுரைக்கு வந்த 434 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் ஏதோ பட்டுக் காயமானவர்கள். நேபாளத்தின் பக்தபூரில் 35,000 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து, கருவிழி கீறியவர்களுக்கு ஊர்த் தொண்டர்களே குளோராம்ஃபெனிகால் களிம்பு மூன்று நாள் போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. ஒரு நாள் கடந்து வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வந்துவிட்டது. 2001இல் அச்சான இந்தக் கணக்கைத் தென் தமிழகக் கிராமங்களில் சோதித்த அரவிந்த் மருத்துவர்கள், 2006இல் ஏறக்குறைய அதே முடிவைச் சொன்னார்கள்: கீறல் கண்ட 374 பேரில் அநேகமாக எல்லோருக்கும் காயம் ஆறியது; பூஞ்சை மருந்து கூடச் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. களிம்பின் விலை அற்பம். போட்டவர் மருத்துவர் அல்ல.

குலுக்கல் ஆய்வின் ஆதரவாளர்களிடம் இதற்கு விடை இருக்கிறது. இரண்டிலும் களிம்பே போடாத ஒப்பீட்டுக் குழு கிடையாது. கீறல் தானாகவே ஆறியிருக்கலாம். தாமதமாக வந்தவர்கள் கண் மோசமானதால்தானே வந்திருப்பார்கள் என்பதும் சரி. பின்னர் நேபாளத்தில் ஊர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வும் புண்களின் எண்ணிக்கை குறைந்ததாகக் காட்டவில்லை. இவையெல்லாம் கேள்வியைக் கடினமாக்குகின்றன, மூடிவிடவில்லை. வோரிகோனசோல் தோற்றது என்பதற்காக மருந்து ஆய்வை எவரும் கைவிடவில்லையே. மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள், ஒளியைச் செலுத்திப் பார்த்தார்கள். தடுப்பு முயற்சிக்கு மட்டும் ஒரு தோல்வி போதும் என்று முடிவு கட்டுவது அறிவியல் கண்டிப்பு ஆகாது, அது பாரபட்சம். கீறியவர் தொண்டரிடம் வராமல் எங்கே போனார், ஏன் போனார் என்ற கேள்விதான் அங்கே அடுத்து எழ வேண்டியது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்விக்கு வேறு வடிவம். ‘ஸ்கட்’, ‘மட்’ ஆய்வுகளில் இந்தியாவில் சேர்ந்தவர்கள் மதுரை, கோவை, திருநெல்வேலி, புதுச்சேரி மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள். அவர்களில் உழவரும் கூலிகளும் மிகுதி. நெல் சுணையும் கரும்புத் தோகையும் குத்திய கண்கள் அவை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் அரவிந்த் மருத்துவமனை திறந்தது 2017இல். அதைச் சுற்றியுள்ள பகுதியில் கண்ணில் விழுவது சுணையல்ல, இரும்பு. 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி டாங்க் தொழிற்சாலைக்கு வெளியே முளைத்த பட்டறைகள், திருமழிசை சிட்கோ ஆகிய இடங்களில் கிரைண்டிங் சக்கரத்திலிருந்து தெறிக்கும் பொறி கருவிழியில் சூடாகப் பதிந்து, சில மணி நேரத்தில் துரு வளையம் கட்டும். பக்கத்து மிஷினில் நிற்பவர் துணி முனையாலோ ஊசியாலோ அதை எடுத்துவிடுவது பட்டறை வழக்கம். கண் உறுத்தினால் மெடிக்கல் ஷாப் சொட்டு. அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பும் வலியும் அடங்கும், ஆள் வேலைக்குத் திரும்புவார், அடியில் பூஞ்சை இருந்தால் தடையில்லாமல் இறங்கும். சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. விற்கப்படுவதை அந்தத் தெருக்களில் யாரும் மறைப்பதுமில்லை. ஊசியால் எடுத்த இரும்புக்கும் புண்ணுக்கும் உள்ள தொடர்பு என்ன, ஷிப்ட் முடியும்வரை காத்திருந்ததன் விலை என்ன, எந்த முதலுதவி புண்ணைத் தடுக்கிறது என்பவை பெரிய ஆய்வுகள் தொடாத கேள்விகள். வெல்டிங் ஒளி பட்டு இரவில் கண் திறக்க முடியாமல் தவிப்பது தானே ஆறிவிடும் என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம்.

மூன்று மாதம் கழித்து, சரியான கண்ணாடி மாட்டி, எழுத்துப் பலகையில் எத்தனை எழுத்து படிக்கிறார் என்பதே ‘ஸ்கட்’, முதல் ‘மட்’ ஆய்வுகளின் முதன்மை அளவு. ஒரே மாதிரி அளக்கலாம் என்பது அதன் பலம். ஆனால் கருவிழித் தழும்பால் வரும் கோணலைக் கண்ணாடி முழுதும் சரிசெய்வதில்லை, கூசலை எழுத்துப் பலகை அளப்பதில்லை. லேத்தில் நிற்பவருக்கு ஒரு கண் மங்கினால் ஆழம் பிடிபடாது. அரசுக் கணக்கிலும் அவர் இல்லை: பார்வையிழப்பு நல்ல கண்ணை வைத்தே கணக்கிடப்படுகிறது. 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி ஒரு கண் முழுதும் போய் மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீத ஊனம். சலுகைகளுக்கு 40 வேண்டும். 1923ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையும் ஒரு கண்ணின் பார்வைக்கு 30 சதவீதமே போட்டது. இத்தனைக்கும், 2015–19 தேசியக் கணக்கெடுப்பில் 50 வயதுக்கு உட்பட்டவர்களின் பார்வையிழப்புக்கு முதற்காரணம் கருவிழித் தழும்பு, 37 சதவீதத்துக்கு மேல். இரு கண்ணும் போனவர்களிலேயே இப்படி என்றால், ஒரு கண் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணாத ஆய்வுத்துறை தன் நோயின் பெரும்பகுதியைப் பார்க்காமலே சிகிச்சை பேசுகிறது.

தடுப்பைக் குலுக்கல் முறையில் சோதிக்க முடியாது என்போருக்குத் தொழிற்பேட்டையே நல்ல களம். கிராமத்தைவிட அங்கே எல்லைகள் தெளிவு, ஆட்கள் தினமும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். அரைக்கும் வேலைக்குக் கண்ணாடியோ தடுப்போ வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 35ஆம் பிரிவில் சொன்னது. 45ஆம் பிரிவு 150 பேருக்கு ஒன்றாவது என்று முதலுதவிப் பெட்டி கேட்டது. பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைகள் இரண்டுக்கும் வெளியே நின்றன. இஎஸ்ஐ அட்டையும் அங்கே அரிது. பேட்டையின் தெருக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கலாம். ஒரு பாதியில் பெட்டிக்குள் ஆன்டிபயாட்டிக் களிம்பு, ஃபுளோரசீன் சாயக் காகிதமும் நீல ஒளியும் கொண்டு கீறல் பார்க்கப் பழகிய ஒரு தொழிலாளி, இரும்பைத் தோண்டாமல் அன்றைக்கே நூம்பலுக்கோ எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ அனுப்பும் ஏற்பாடு. மறுபாதியில் இப்போதைய நடைமுறையோடு பாதுகாப்புக் கண்ணாடி. அங்கேயும் கீறல் கண்டவருக்குச் சிகிச்சை மறுக்கப்படாது. இரண்டு பருவமழை கடந்து எண்ண வேண்டியவை: காயம் பட்டு எத்தனை மணி நேரத்தில் மருத்துவரிடம் வந்தார், முதலில் போட்ட சொட்டு எது, புண் வந்ததா, எத்தனை நாள் கூலி போனது, ஆறு மாதம் கழித்து அதே மிஷினில் நிற்கிறாரா.