ஏடு யார் கையில்?

மாணவருக்குத் தேசிய அடையாள அட்டை விண்ணப்பங்களை நிரப்பும் காலம், தெமட்டகொடை ஆசிரியர்களாகிய எமக்குச் சோதனைக் காலம். ரயில் பாதையோரம் வாழும் நாட்கூலித் தொழிலாளி ஒருவரின் மகள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் அவள் பெயர் ஒருவிதம், பாடசாலைப் பதிவேட்டில் இன்னொருவிதம். வாக்காளர் இடாப்பிலோ தந்தையின் பெயரே வேறாகிவிட்டது. தமிழ்ப் பெயர் சிங்கள எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் ஏறி இறங்கியதன் விளைவு இது. திருத்தம் பெற அலைந்ததில் தந்தை மூன்று நாட் கூலியை இழந்தார்.

இச்சிறு நிகழ்ச்சியை உரைகல்லாகக் கொண்டு, நிர்வாக உலகில் இன்று பெரிதும் பேசப்படும் கோட்பாடொன்றை மதிப்பிட விரும்புகிறோம். ஒரு நிறுவனத்தின் தரவுகளை மத்திய பிரிவொன்றிற் குவிக்காது, அவை பிறக்கும் துறைகளின் உடைமையாகவே விடவேண்டும் என்பது அக்கோட்பாடு. 2019ஆம் ஆண்டில் சமாக் தெகானி என்னும் பொறியியலாளர் இதனை ‘டேட்டா மெஷ்’ என்னும் பெயரில் வகுத்துரைத்தார். வயலை உழுபவனே மண்ணின் இயல்பை அறிவான் என்ற நியாயம் இதற்கு அடிப்படை. அந்த நியாயத்தை மறுப்பதற்கில்லை.

இதன் ஆதரவாளர் சிலர் குவிப்பின் கேடுகளையே தமக்குச் சான்றாக்குவர். 1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் எரிந்து சாம்பலாயின. 2023ஆம் ஆண்டில் இலங்கை அரசின் கணினி முகில் மீது நடந்த தாக்குதலில், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்கவியலாது அழிந்தன. ஆயின், இவை பிரதிகளின் அவசியத்தையே நிரூபிக்கின்றன. உடைமைப் பரவலின் அவசியத்தை அல்ல. ஒரே இடத்தில் வைத்திருப்பது வேறு, ஒரே இடத்திலிருந்து ஆள்வது வேறு. இரண்டையும் குழப்புவது வாதத்துக்கு வலுச் சேர்க்காது.

எதிர்ப்பாளரின் ஐயங்கள் மூன்று. துறைக்கொரு முறை வந்தால் ஒழுங்கு சிதையும் என்பது முதலாவது. எமது மாணவியே இதற்குச் சாட்சி. எனினும், துறைகள் கூடி வகுக்கும் பொதுவிதிகளை இக்கோட்பாடே கட்டாயமாக்குகிறது. எனவே இக்குற்றம் கோட்பாட்டின்மீதன்று, அதனைப் பாதியாய் எடுத்தாள்வோர் மீதே சாரும். துறைகள் தத்தம் தரவைச் சிற்றரசு போல் மதிலெழுப்பிக் காக்கும் என்பது இரண்டாவது. பகிர்ந்து கொள்வதும் உடைமையாளரின் கடமையே எனச் சட்டமாக்கினாலன்றி இவ்வச்சம் நீங்காது.

மூன்றாவதே மிகப் பாரதூரமானது. உடைமை என்ற அழகிய பெயரில் கீழ்மட்ட எழுதுநரின் தலையில் வேலை மட்டும் ஏறுகிறது. ஆளணியும் பயிற்சியும் பணமும் மேலிடத்திலேயே தங்கிவிடுகின்றன. அதிகாரமற்ற பொறுப்பை உடைமை என்று அழைப்பது என்ன நியாயம்?

எஸ்தோனியாவை நோக்குவோம். அங்கு 2001ஆம் ஆண்டு முதல் அரச நிறுவனங்கள் தத்தம் தரவைத் தம்மிடமே வைத்து, ‘எக்ஸ்-ரோட்’ என்னும் பொதுவழியாற் பரிமாறி வருகின்றன. ஒரே தகவலைத் திரட்ட இரு வேறு தரவுத்தளங்களை நிறுவுவதைச் சட்டம் தடுக்கிறது. தம் விவரங்களை எந்த அலுவலகம் பார்த்தது என்பதைக் குடிமக்களும் அறியலாம். பரவலும் ஒழுங்கும் பகையல்ல என்பதற்கு இது போதிய சான்று.

ஆனால் இரு தரப்பாரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. தலைமையகத்திலிருந்து கிளைக்கு உடைமை இறங்கினாலும், அது நிறுவனத்தின் மதிலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பெயருக்குரிய சிறுமி மதிலுக்கு வெளியே வரிசையில் நிற்கிறாள். தன்னைப் பற்றிய பிழையான தரவைத் திருத்தக் கோரும் உரிமையை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எழுத்தில் வகுத்திருக்கிறது. எழுத்திலுள்ள உரிமை நாட்கூலித் தொழிலாளிக்கு எட்டவேண்டுமாயின், ஒருமுறை செய்த திருத்தம் எல்லா ஏடுகளுக்கும் தானே சென்றடைய வேண்டும். அவரது மொழியிலேயே அது பதியப்படவும் வேண்டும்.

ஆகவே, பரவலை நாம் வரவேற்கிறோம். ஆனால் பொதுவிதியும், வேலைக்கேற்ற வளமும், மக்களின் திருத்தும் உரிமையும் அதனுடன் வந்தாக வேண்டும். இம்மூன்றுமின்றி வரும் பரவல், ஓர் அலுவலகத்தில் நின்ற வரிசையைப் பத்து அலுவலகங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதாகவே முடியும்.