யந்திரத்தின் மீது இரக்கம்

1968-ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் வெளிவந்த "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" என்னும் படத்தைப் பற்றிய சச்சரவு இன்றளவும் ஓய்ந்தபாடில்லை. ஆரம்பக் காட்சிகளில் பலர் பாதியிலேயே எழுந்து சென்றனர். டைரக்டர் ஸ்டான்லி கூப்ரிக் ஏறக்குறைய 19 நிமிஷப் படத்தை வெட்டியெறிந்தார். பாலின் கேல் என்னும் விமரிசகர் கற்பனை வறட்சியென்று சாடினார். இளைஞர்களோ திரும்பத் திரும்பச் சென்று பார்த்தனர்.

"கதை எங்கே?" என்று கேட்டவர்களை மூடரென்று எள்ளுவாரோடு நாம் சேரோம். முதல் 25 நிமிஷத்தில் பேச்சே கிடையாது. முடிவோ விளங்கச் சொல்லப்படவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்பதே யோக்கியம்.

ஆனால், "பாத்திரங்களுக்கு உயிரில்லை" என்ற குறையை மட்டும் நாம் ஒப்புக்கொள்ளோம். வான்கப்பலில் செல்லும் பூல் என்பவன், பெற்றோர் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்தையும் முகம் மலராமல் கேட்கிறான். ஹால் என்னும் யந்திரமோ வஞ்சிக்கிறது, கொல்கிறது. தன் மூளையைப் பகுதி பகுதியாகக் கழற்றும்போது அச்சமாயிருக்கிறதென்று கெஞ்சுகிறது. குரல் தேய்ந்து, பாடிக்கொண்டே அடங்குகிறது. நால்வரைக் கொன்ற அதன்மீதல்லவா நமக்கு இரக்கம் பிறக்கிறது! இது டைரக்டரின் கைப்பிழையா? நாளெல்லாம் செக்ரோலில் ஆட்களை இலக்கங்களாக்கும் கிராணிகளாகிய நமக்கு, அந்த வாழ்த்துக் காட்சி சுருக்கென்று தைத்தது.

கடைசியில் வரும் வர்ண ஒளி வெள்ளத்தை மட்டும் பாதியாகக் குறைத்திருக்கலாம், எவரும் வருந்தியிருக்கமாட்டார்.