எழுபது வயசுல இப்படி ஊதணும்யா!

முதல் பாட்டு தொடங்கி நாம் ஒரு மூச்சு விடுவதற்குள் மவுத் ஆர்கன் வந்து மேலே விழுகிறது. மெதுவாக வந்து குசலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே பாய்ச்சல்தான். அதன் பின்னாலேயே டிரம்ஸ், கிதார், பேஸ், பியானோ எல்லாம் ஒரே அறைக்குள் முட்டி மோதிக்கொண்டு வருகின்றன. ஊதுகிற ஆளின் மூச்சு மைக்கில் கரகரவென்று உரசுவதுகூடக் கேட்கிறது. யார் அந்த ஆள் என்கிறீர்கள்? மிக் ஜாகர்! பதிவு செய்தபோது அவருக்கு வயது 72! முதன்முதலில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. இதோ, இதை எழுதும்போதும் புல்லரிக்கிறது.

அவருடைய ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 2016 டிசம்பர் 2-ஆம் தேதி வெளியிட்ட 'ப்ளூ அண்ட் லோன்சம்' ஆல்பத்தைத்தான் சொல்கிறேன். 1962-ல் லண்டனில் கிளம்பிய குழு. உலகத்தில் பார்க்காத மேடை இல்லை, சம்பாதிக்காத பணம் இல்லை. 2005-க்கு அப்புறம் 11 வருஷமாக ஸ்டுடியோ ஆல்பமே போடவில்லை. இனி என்ன செய்யப்போகிறார்கள், பழைய பாட்டையே ஸ்டேடியம் ஸ்டேடியமாகப் பாடிக் காலத்தை ஓட்டுவார்கள் என்றுதான் ஊரே நினைத்தது. புதுப் பாட்டு பதிவு செய்யலாம் என்று லண்டனின் மேற்கே பிரிட்டிஷ் குரோவ் ஸ்டுடியோவுக்குப் போகிறார்கள், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளருடைய ஸ்டுடியோ அது. புதுப் பாட்டு பிடிகொடுக்கவில்லை. சரி, கை கொஞ்சம் சூடாகட்டும் என்று லிட்டில் வால்டரின் பழைய ப்ளூஸ் பாட்டு ஒன்றை எடுக்கிறார்கள். பிடித்துக்கொண்டது பாருங்கள்! இன்னொன்று வாசிப்போமே என்றார்கள், அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. மூன்றே நாளில் 12 பாட்டு, முழு ஆல்பம்! தயாரிப்பாளர் டான் வாஸ் செய்த மிகப்பெரிய நல்ல காரியம், அந்த வெள்ளத்துக்குக் குறுக்கே நிற்காமல் இருந்ததுதான்.

அந்த மூன்று நாளும் 2015 டிசம்பரில் என்பதை நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அந்த டிசம்பரைப் பற்றி எங்கள் சென்னைப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது, முடிச்சூர் மூழ்கியது, செம்பாக்கத்தில் நாங்கள் வாசலில் சேறு வழித்துக்கொண்டிருந்தோம். அதே மாதத்தில் அங்கே நாலு கிழவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து இந்த இசையை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து ஆல்பம் வெளிவந்தது. பத்தே நாளில் வர்தா புயல் வந்தது.

வர்தாவுக்கு முன்பே சிடி கைக்கு வந்துவிட்டது. வீட்டு ஸ்பீக்கரில் கேட்டாயிற்று, ஆடியாயிற்று. ஆனால் நிஜமாகக் கேட்டது புயலுக்குப் பிறகுதான். கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்: கரண்ட் இல்லை, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, இன்வெர்ட்டர் செத்துவிட்டது, செல்போனில் சிக்னல் இல்லை, வேளச்சேரி-தாம்பரம் சாலையில் மரமும் ஒயரும் பின்னிக் கிடக்கின்றன, தெரு முழுக்க முறிந்த வேப்பங்கிளையின் பச்சை வாசனை, ஏரிப் பக்கமிருந்து தவளைகளின் கச்சேரி. அந்தக் கும்மிருட்டில் நான் காரில் போய் உட்கார்ந்து, இன்ஜினை எழுப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, சிடியை உள்ளே தள்ளுகிறேன். பாட்டரி இறங்கிவிடும் என்று வீட்டில் சத்தம் போட்டார்கள்; இறங்கினால் இறங்கட்டும்! டேஷ்போர்டில் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம், கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் வேர்வை. மூன்றாவது பாட்டு, ஆல்பத்துக்கே பெயர் கொடுத்த பாட்டு, ஆரம்பமாகிறது. ஐயோ, அந்த மவுத் ஆர்கன்! நீளமாக ஒரு அழுகை எழுந்து, வளைந்து, பாதியில் உடைந்து, மறுபடி எழுகிறது. அதன் கீழே கிதார்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உறுமுகின்றன. அந்தக் குரலோ பாடவில்லை, தெருவில் நின்று கெஞ்சுகிறது, மிரட்டுகிறது, மறுபடி கெஞ்சுகிறது. ஸ்டியரிங்கில் தாளம் போட்டுப் போட்டு என் உள்ளங்கை சிவந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வேறு. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, சந்தோஷம்தான், அவ்வளவு சந்தோஷம்!

எதிர்வீட்டு சார் டார்ச்சோடு வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். பீச்-தாம்பரம் எலெக்ட்ரிக் டிரெயின் ஓட்டி ரிட்டையரானவர், ஆங்கிலப் பாட்டு வாசனையே கிடையாது. 'ஐ காட்டா கோ' ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டார், முழங்காலில் விரல் தட்ட ஆரம்பித்தது.

“தம்பி, இதுல வண்டி ஓடுதேப்பா!”

எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவின் தெற்கே அந்தக் காலத்து மவுத் ஆர்கன்காரர்களுக்கு ரயிலை அப்படியே ஊதிக்காட்டுவது ஒரு தனி வித்தை, சக்கரம், விசில், ஸ்டேஷனை விட்டுக் கிளம்புகிற முக்கல் எல்லாம் அதில் வரும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

“பாடுறவருக்கு என்ன வயசு இருக்கும்?”

“பாடினப்போ எழுபத்திரண்டு சார். ஊதுறதும் அவரேதான்.”

“அட போப்பா!” என்றவர், டார்ச்சை அணைத்துவிட்டு, “அதைத் திருப்பிப் போடு” என்றார்.

அந்த ஊதலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். லிட்டில் வால்டர் என்று ஒரு மேதை. 1930-ல் லூசியானாவில் பிறந்து, சிகாகோவில் கொடிகட்டிப் பறந்து, 1968-ல் 37 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். மலிவு மைக் ஒன்றை மவுத் ஆர்கனோடு சேர்த்து இரண்டு கைக்குள்ளும் பொத்திப் பிடித்து, அதை ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து ஊதுவார். அந்தச் சின்னக் கருவி சாக்ஸஃபோன் மாதிரி கொழுத்து, கனத்து, கரகரத்து வெளியே வரும். காற்றை உள்ளே இழுக்கும்போது நாக்கையும் தொண்டையையும் மாற்றினால் சுரம் கீழே வளையும். நம் ஊரில் கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த வளைவு உடனே பிடிபடும். 1952-ல் அவருடைய 'ஜூக்', பாட்டே இல்லாமல் வெறும் மவுத் ஆர்கனை வைத்துக்கொண்டு அமெரிக்க ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. இந்த ஆல்பத்தில் நாலு பாட்டு வால்டர் வழி வந்தவை. ஜாகரை எல்லோரும் ஆட்டக்காரர், பாட்டுக்காரர், உதட்டுக்காரர் என்றுதான் கொண்டாடுவார்கள். என்னைக் கேட்டால் மவுத் ஆர்கன்தான் அந்த மனிதரின் உண்மையான குரல். 50 வருஷமாக அதை ஓரத்தில் வைத்திருந்தார்களே என்று இருக்கிறது!

இவர்களுக்கு ப்ளூஸ் மேல் இது திடீர் ஆசையும் இல்லை. 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலைய பிளாட்ஃபாரத்தில் ஜாகர் நிற்கிறார், கையிலே சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். அதைப் பார்த்துவிட்டு, பின்னாளில் குழுவின் கிதார்காரரான கீத் ரிச்சர்ட்ஸ் பேச்சுக் கொடுக்கிறார். சென்னைக்குத் தாம்பரம் எப்படியோ, லண்டனுக்கு டார்ட்ஃபோர்டு அப்படி. காலை வண்டிக்குக் காத்திருக்கிற புறநகர்ப் பையன்கள்! குழுவின் பெயரே மடி வாட்டர்ஸின் 1950 பாட்டிலிருந்து எடுத்ததுதான். 1965-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ஷிண்டிக்' நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃபையும் மேடை ஏற்றவேண்டும் என்று வற்புறுத்தி, அவர் பாடும்போது அவர் காலடியில் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்த வுல்ஃபின் இரண்டு பாட்டு இந்த ஆல்பத்தில் இருக்கின்றன. அதில் 'கமிட் எ கிரைம்' இருக்கிறதே, ஒரே ஒரு கிதார் வரி சுற்றிச் சுற்றி வந்து தலையைக் கிறுகிறுக்க வைக்கும், வால்யூமைக் குறைக்கவே மனசு வராது.

இனி டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ். அப்போது 74 வயது. அவருடைய வலது கையை மட்டும் ஒரு பாட்டு முழுக்கக் கவனியுங்கள்: இடது கை ஸ்நேர் டிரம்மை அடிக்கிற அந்தக் கணத்தில், ஹை-ஹேட்டின் மேல் ஓடிக்கொண்டிருக்கும் வலது கை அடிக்காமல் மேலே எழும்பும். அந்த இமைப்பொழுது வெற்றிடத்தில்தான் ஸ்நேர் பளீரென்று தனியாக விழுகிறது, ஸ்டோன்ஸ் தாளத்தின் அந்த அலட்சிய நடை மொத்தமும் அங்கேயிருந்துதான் வருகிறது. கீத்தும் ரான்னி வுட்டும் வாசிப்பதில் எது யாருடைய கிதார் என்று பிரிக்க முயன்று முயன்று தோற்பதே ஒரு சுகம். கிதார்காரர் எரிக் கிளாப்டன் அதே கட்டிடத்தில் தன்னுடைய ஆல்பம் வேலையில் இருந்தாராம், அவரையும் இழுத்து இரண்டு பாட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். கடைசிப் பாட்டான 'ஐ கான்ட் குவிட் யூ பேபி'யில் அவர் வாசிப்பதைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும். ஆனாலும் என் ஓட்டு, பத்தாவது பாட்டான 'லிட்டில் ரெய்ன்' பக்கம்தான். ஜிம்மி ரீட் பாட்டு அது. நடக்கக்கூட அவசரமில்லாத நடை, தூறலில் நனைந்த மவுத் ஆர்கன். மார்கழி ராத்திரிக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும்.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. ஸ்டோன்ஸின் புகழ்பெற்ற நாக்கு, இங்கே நீலத்தில். 1970-ல் ஜான் பாஷ் என்ற கலைக்கல்லூரி மாணவர் வரைந்தது. அதற்கு முன்மாதிரியாக ஜாகர் அவருக்குக் காட்டியது எதை? நம்ம காளியின் படத்தை! நாக்கை நீட்டி நிற்கிறாளே, அந்தக் காளி. நம்ம நாட்டோடு அவர்களுக்கு வேறு தொடர்பும் உண்டு. 2003 ஏப்ரலில் பெங்களூரிலும் மும்பையிலும் வந்து பாடிவிட்டுப் போனவர்கள் சென்னைக்கு வரவில்லையே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் உண்டு. 2011-ல் 'சூப்பர்ஹெவி' என்ற குழுவில் ஜாகரும் நம்ம ஏ.ஆர். ரஹ்மானும் சேர்ந்து ஆல்பம் போட்டார்கள் என்பதில் கொஞ்சம் ஆறுதல்.

பன்னிரண்டும் பழைய பாட்டு, சொந்தமாக ஒன்றுகூட இல்லையே என்று சிலர் சொல்வார்கள். சத்தம் ஒரு சில இடத்தில் கொஞ்சம் தூக்கல் என்பதும் வாஸ்தவம். அதனால் என்ன? பாட்டு யார் எழுதியது என்பதா முக்கியம், அது யார் ரத்தத்தில் ஓடுகிறது என்பதா? மூன்று கார்டு, 12 பார், அவ்வளவுதான் ப்ளூஸின் சட்டம். அந்தச் சின்ன வட்டத்துக்குள் நின்று ஒரு மனிதன் தன்னை எவ்வளவு கொட்டுகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இவர்கள் மொத்தத்தையும் கொட்டிவிட்டார்கள். பிரிட்டனில் ஆல்பம் முதலிடம் பிடித்தது. 2018-ல் பாரம்பரிய ப்ளூஸ் ஆல்பத்துக்கான கிராமி விருதும் வந்தது. 2021 ஆகஸ்டில் சார்லி போய்விட்டார். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த கடைசி ஸ்டோன்ஸ் ஸ்டுடியோ ஆல்பம் இதுதான். 1970-களுக்குப் பிறகு அவர்கள் செய்ததிலேயே சிறந்ததும் இதுதான். இதை யார் வீட்டு வாசலில் நின்று வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

மொத்தமே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவுதான். ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும். நல்ல ஸ்பீக்கர் உள்ள வீடாகப் பார்த்துப் போய், மூன்றாவது பாட்டில் ஆரம்பியுங்கள். பிறகு முதலிலிருந்து முழுசாக ஒரு தரம். அது முடிந்ததும் லிட்டில் வால்டரைத் தேடிப்போய்க் கேளுங்கள், ஸ்டோன்ஸ்காரர்கள் நம்மிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான்.