சிலம்பும் செங்கோலும்

சிலப்பதிகாரத்தைப் போற்றுவோர் பலர், பாண்டியன் நெடுஞ்செழியனின் மரணத்தை நீதியின் வெற்றி என்றே கூறி வந்துள்ளனர். தவறுணர்ந்த கணமே உயிர்நீத்த மன்னன் செங்கோலின் திருவுருவம் என்பது அவர்தம் முடிபு. இம்முடிபை நாம் ஏற்பதற்கில்லை. காப்பியத்தையே சான்றாகக் கொண்டு ஆராய்வோம்.

கோவலன் எவ்வாறு கொல்லப்பட்டான்? ஊடிய தேவியைத் தணிவிக்க விரைந்த மன்னன், பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை மட்டும் கேட்டு ஆணையிடுகிறான். விசாரணை இல்லை, குற்றஞ்சாட்டப்பட்டவன் பேச இடமும் இல்லை. நேரிற் கண்ட காவலருக்கு இவன் கள்வன்தானா என்ற ஐயம் எழுகிறது. அந்த ஐயத்தைக் கொண்டுசென்று உரைப்பதற்கு ஒரு மன்றம் அவ்வரசில் இல்லை. கல்லாத குடியன் ஒருவனின் வாள் வழக்கை முடித்துவிடுகிறது. பரல் முத்தா, மாணிக்கமா என்ற எளிய சோதனை, கொலைக்குப் பின்னர், கண்ணகி வந்து கேட்டதனாலேயே நடைபெறுகிறது.

மன்னனின் மரணம் எதை மாற்றியது? நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரையை நோக்குக. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று பத்தினிக்கு வேள்வி செய்கிறான். மழை பெய்து நாடு செழிக்கிறது. ஒருவன் செய்த குற்றத்திற்கு ஆயிரம் உழைப்பாளர் பலி! அவர்களை விசாரித்தவர் யார்? மன்னன் மாறினான், முறை மாறவில்லை. ஆள்வோனின் மனச்சான்று ஒருபோதும் அதிகாரத்திற்கு வேலியாகாது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுமோ?

இங்கிலாந்தில் 1215 இல் பிரபுக்கள் ஜோன் மன்னனை நெருக்கிப் பெற்ற மகாசாசனம், நாட்டுச் சட்டப்படியன்றிச் சுதந்திர மனிதன் எவனையும் சிறைப்படுத்தலாகாது என்றது. பண்ணையடிமைகளை அது சுதந்திர மனிதராகக் கொள்ளவில்லை. பத்தே வாரங்களில் மூன்றாம் இன்னசென்ட் பாப்பரசர் அதனைச் செல்லாததாக்கினார். எனினும் எழுதப்பட்ட அவ்விதி பின்னரும் புதுப்பிக்கப்பட்டது. 1628 இல் முதலாம் சாள்ஸ் மன்னனுக்கு எதிராக உயர்த்திப் பிடிக்கப்பட்டது. 1679 இல் ஆட்கொணர்வுச் சட்டம் பிறந்தது. இவற்றுள் எதுவும் அரசரின் கருணையால் வந்ததன்று, போராட்டத்தால் வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். மட்டக்களப்புக் கோயில்களில் வைகாசி தோறும் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. சிங்கள மக்களும் அவளைப் பத்தினித் தெய்வமாக வணங்குகின்றனர். இதே மண்ணில் 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. குற்றஞ்சாட்டாமலே ஒருவரைப் பதினெட்டு மாதம் வரை அமைச்சரின் ஆணையால் தடுத்துவைக்க அது இடமளித்தது. பொலிஸ் உயரதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதலைச் சான்றாக்கியது. அது வற்புறுத்திப் பெறப்பட்டதென நிறுவும் சுமையையும் கைதியின் தலையிலேயே ஏற்றியது. மூன்றாண்டுக்கென வந்த சட்டம் 1982 இல் நிரந்தரமாயிற்று. 2022 இன் திருத்தம் பதினெட்டு மாதத்தைப் பன்னிரண்டாகக் குறைத்தது. அமைச்சரின் ஆணையோ நின்றது.

இளங்கோ அரசை எதிர்த்து எழுதியவர் அல்லர். ஆயினும் காவலரின் ஐயத்தை அவர் மறைக்கவில்லை. அந்த உண்மையே, கவிஞரின் நோக்கத்தையும் மீறி, முடியாட்சியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. மாணவர்க்குச் சிலம்பைக் கற்பிப்போர் மன்னனின் மரணத்தை வியந்து அமையாது, அக்காவலரின் ஐயம் ஏன் வீணாயிற்று என்று வினவட்டும். கொல்லப்பட்ட பின் கிட்டும் நீதி கோவலனுக்குப் பயன்படவில்லை, நமக்கும் பயன்படாது.