சேகோக் கழிவுநீரில் மின்சாரம்: எதைக் கணக்கில் வைப்பது?

குச்சிக்கிழங்கை அரைத்து மாவை எடுத்தபின் சேகோ ஆலையில் மிஞ்சுபவை திப்பியும் கழிவுநீரும். திப்பி மாட்டுத் தீவனமாகிவிடும். புளித்து நாறும் அந்தத் தண்ணீர்தான் சேலம், நாமக்கல் பகுதி ஊர்களை நெடுங்காலம் வதைத்தது, திருமணிமுத்தாற்றிலும் கலந்தது. அதில் கரைந்திருக்கும் மாவை நுண்ணுயிர்களுக்கு இரையாக்கி, கிடைக்கும் எரிவாயுவில் ஜெனரேட்டர் ஓட்டும் முறையை ஆலைகள் சில கைக்கொண்டிருக்கின்றன. அருமையான முறை. ஆனால் அதை மின் உற்பத்தித் திட்டமாக மட்டும் எடைபோடுவதை நான் ஏற்கவில்லை.

கழிவின் சுமையை சி.ஓ.டி. (வேதியியல் ஆக்சிஜன் தேவை) என்ற அளவால் குறிப்பார்கள். காற்றுப் புகாத தொட்டியில் ஒரு கிலோ சி.ஓ.டி. சிதைந்தால் கிடைப்பது அதிகபட்சம் 0.35 கனமீட்டர் மீத்தேன். அதன் வெப்பம் ஏறத்தாழ 3.5 யூனிட்டுக்குச் சமம். எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும். ஆக, கைக்கு வருவது ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம். இதே கழிவைக் காற்றூதிச் சுத்தம் செய்தால் மின்சாரம் செலவாகும், சேறும் மலைபோல் சேரும். திறந்த குட்டையில் விட்டாலோ மீத்தேன் நேரே வானுக்குப் போகும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 28 மடங்கு அளவுக்குப் புவியைச் சூடாக்கும். இந்தக் கேடுகளைத் தவிர்ப்பதே பெரிய லாபம்.

குறைகளும் சிறியவை அல்ல. மீத்தேன் தரும் நுண்ணுயிர்களுக்கு அமிலம் ஆகாது. சேகோத் தண்ணீரோ அமிலத்தன்மை உடையது. சுண்ணாம்பு சேர்க்காமல், அளவு பார்க்காமல் ஒரேயடியாகத் தண்ணீரை விட்டால் தொட்டியே புளித்து வாயு நின்றுவிடும். கிழங்கு வரத்து பருவத்துக்குப் பருவம் மாறுவதால் சில மாதம் பட்டினி கிடக்கும் தொட்டியை மறுபடி உயிர்ப்பிக்க வாரக்கணக்கில் ஆகும். வாயுவில் கலந்துவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடை நீக்காவிட்டால் எஞ்சின் அரித்துப்போகும். இவ்வளவு பார்த்துச் செய்தாலும் வெளிவரும் நீரில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் அப்படியே இருக்கும்.

எரிவாயுவே வேண்டாம், நுண்ணுயிரிடமிருந்து நேராக மின்சாரம் எடுப்போம் என்கிறது நுண்ணுயிர் மின்கலம். 1911-இல் விஞ்ஞானி எம். சி. பாட்டர் கண்ட வழி இது. இதில் ஒரு கலம் தருவது அரை வோல்ட் அளவே. 2007-இல் ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் யட்டாலாவிலுள்ள ஃபாஸ்டர்ஸ் பியர் ஆலையில் பெரிய அளவில் சோதித்தார்கள்; கழிவுநீரின் குறைந்த மின்கடத்துதிறனே அங்கு முக்கியத் தடையாயிற்று. கலிஃபோர்னியாவின் நாபா ஒயின் ஆலையில் இதே முறையின் இன்னொரு வடிவமான ஆயிரம் லிட்டர் கலத்தில், மின்சாரத்துக்குப் பதில் ஹைட்ரஜன் எடுக்க முயன்றபோது வந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். அங்கும் அதே பழைய நுண்ணுயிர்கள்தான் வென்றன! ஆய்வகங்கள் இதைத் தொடரட்டும். இன்றைக்கு ஆலைக்காரர் பணம் போட வேண்டியது மூடிய தொட்டியில்தான்.

மாற வேண்டியது மானிய முறை. கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க மத்திய அரசு தரும் உதவி, நிறுவும் உற்பத்தித் திறனை வைத்தே கணக்கிடப்படுகிறது. தொட்டியைவிட்டு வெளியேறும் நீரின் சி.ஓ.டி. எவ்வளவு குறைந்தது, பருவம் முழுக்கக் குறைந்தே இருந்ததா என்பதையும் அளந்து, ஒரு பங்குத் தொகையை அதற்கென ஒதுக்க வேண்டும். ஆற்றோரத்துக் கிணற்றுக்காரருக்குக் கிடைக்கவேண்டிய பலன் அந்த அளவையில்தான் தெரியும்.