புதிய ரிசீவரும் பழைய ஆம்ப்ளிஃபயரும்

பக்கத்துக்கு 20 வாட் தரும் பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. அண்மையில் ஒரு ஸ்டீரியோ ரிசீவரும் வந்து சேர்ந்தது. ரிசீவர் என்பது வேறொன்றுமன்று. ஆம்ப்ளிஃபயரையும் வானொலியையும் ஒரே பெட்டியில் அடைத்ததுதான். இரண்டில் எது மேல் என்கிறீர்களா?

முதலில் அட்டைப்பெட்டியைப் பாருங்கள். புதிய ரிசீவருக்கு "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கருவியைத் திருப்பினால் பின்புறத் தகட்டில் 230 வோல்ட், 60 வாட் என்றிருக்கிறது. 60 வாட் வாங்கி 1000 வாட் கொடுக்கும் கருவி ஏது? உள்ளே மின்தேக்கிகளில் சேர்ந்திருக்கும் ஆற்றல் கண நேரத்துக்கு அதிகமாகப் பாயலாம், தொடர்ந்து பாயாது. வெப்பமாக வீணாவது போகப் பக்கத்துக்கு 20 வாட் கிடைத்தால் பெரிது. ஆக, பழையதும் புதியதும் ஒரே வலிமைதான்! பி.எம்.பி.ஓ.வை அளக்கப் பொதுவான முறை எதுவும் கிடையாது. இத்தகைய விளம்பரங்களைக் கட்டுப்படுத்தவே அமெரிக்காவில் 1974-இல் தொடர்ந்து தரும் திறனைக் குறிப்பிட வேண்டும் என்று விதி செய்தார்கள்.

உண்மையாகவே 40 வாட் கிடைத்தாலும் என்ன ஆகும்? திறன் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். நம் காதுக்கு இரு மடங்கு உரக்கக் கேட்க ஏறத்தாழ 10 மடங்கு திறன் வேண்டும்.

அப்படியானால் கடையில் புதியது இனிமையாக ஒலித்தது ஏன்? சற்று உரக்க வைத்திருப்பார்கள். ஒலி குறையும்போது நம் காது தாழ்ந்த சுரங்களை மிகவும் குறைத்தே கேட்கிறது; பிளெட்சரும் மன்சனும் இதை 1933-இலேயே அளந்து வெளியிட்டார்கள். ஆகவே உரக்க ஒலிப்பது நிறைவாகவும் தோன்றும். வியாபாரிக்கு இது தெரியும்; வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

எனவே ஒலியளவைச் சமப்படுத்தாத ஒப்பீடு ஒப்பீடே அல்ல. 400 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் இரண்டு கருவிகளுக்கும் 2.83 வோல்ட் வருமாறு திருகுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது சரியாக 1 வாட். தாழ்சுரத்தைக் கூட்டும் பொத்தான்களை அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரின் இரு கம்பிகளையும் ஒருசேர மாற்றும் சுவிட்ச் வேண்டும்; இரண்டு கருவிகளின் வெளியீட்டையும் ஒன்றாக இணைத்தால் இரண்டுமே புகைந்துவிடும். பிறகு நாணயத்தைச் சுண்டி, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் வேறொருவரைக் கேட்கச் சொல்லுங்கள். குருட்டு ஊகத்தில் 16-க்கு 12 சரியாக வர நூற்றுக்கு நான்கு வாய்ப்புக்கூட இல்லை. எங்கள் வீட்டில் கிடைத்தது 9.

பழையதில் குறை இல்லாமல் இல்லை. ஒலியளவுத் திருகி தூசியால் கரகரக்கிறது. மின்தேக்கிகள் காய்ந்து சிறிது இரைச்சலும் உண்டு. இவை சில்லறைப் பழுதுகள். புதியதில் பண்பலை வானொலி, புளூடூத், தொலைவிலிருந்து இயக்கும் வசதி ஆகியன இருக்கின்றன. அவை வேண்டுமானால் தாராளமாக வாங்கலாம். ஒலிக்காக மட்டும் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். வேறுபாடு முதல் பாட்டிலேயே தெரியும்.