ஈரிறக்கைக்கு எந்த நூல்?

மாதிரி விமானம் கட்டுகிற பலர் ஈரிறக்கை விமானம் என்றாலே கும்பிடு போட்டு ஒதுங்கிவிடுவார்கள். பயம் இறக்கைகளால் அல்ல. நடுவே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கம்பிகளால். செமோரில் என் வீட்டு முன்கூடத்து மேசையில் இப்போது நிற்பது ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் 1/72 அளவு பிஈ2சி ஈரிறக்கை விமானம். அதற்குக் கம்பி கட்ட ஐந்து பொருள்களைச் சோதித்தேன்.

இந்த ரகத்தை எடுத்ததற்குக் காரணம் உண்டு. முதல் உலகப் போரின்போது பத்து காஜாவில் இருந்த தோட்ட முதலாளி ஆல்மா பேக்கர், மலாயா முழுக்கப் பணம் திரட்டிப் பிரிட்டிஷ் படைக்கு இந்த ரகம் உட்பட விமானங்கள் வாங்கிக் கொடுத்தார். இங்கே வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் கொடுத்த விமானத்துக்கு ‘ஜாஃப்னா’ என்றே பெயர். தோட்டத்தில் பால் வெட்டியவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பணத்தில் அவர்கள் வியர்வை இல்லையென்று சொல்லிவிட முடியாது.

முதலில் கனம். அசல் கம்பி 5 மில்லிமீட்டர் என்றால் 1/72 அளவில் அது 0.07 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. அப்படியானால் முடியையே கட்டினால் என்ன? கட்டினேன். சுருண்டது. போகட்டும்.

அடுத்து, பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்தை விளக்கில் காட்டி இழுத்த இழை. காசில்லாத வித்தை, இழுக்கும் வேகத்தைப் பொறுத்து எவ்வளவு மெல்லியதாகவும் வரும். ஆனால் விரல் பட்டால் முறிகிறது. தூசி தட்டும் ஆள் உள்ள வீட்டுக்கு ஆகாது.

செம்புக் கம்பியைப் பழைய சார்ஜர் ஒயரை உரித்து எடுத்தேன். கண்ணாடிமேல் வைத்து எஃகு அளவுகோலால் உருட்டினால் ஊசிபோல் நேராகிவிடும். ஒட்டுவதும் எளிது: இடைவெளியை அளந்து, வெட்டி, இரு முனையிலும் பொட்டுப் பசை. குட்டையான இடங்களுக்கு, சக்கரக் கால்களுக்கும் வாலுக்கும், இதுவே போதும். நீளமான இடத்தில் ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பு போகவே போகாது.

தூண்டில் கடை நைலான்தான் என்னை ஏமாற்றியது. 0.10 மில்லிமீட்டர் நூல், சுருள் நிறைய, சில வெள்ளிதான். சாமி மேடையிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கனலும் முனையை நூலுக்கு அருகே, தொடாமல், நகர்த்த வேண்டும். தொங்கிய நூல் கண்ணெதிரே வெடுக்கென்று விறைக்கும். அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். ஒரு மயிரிழை நெருங்கினால் அறுந்துவிடும். இரண்டு அப்படிப் போயின. கட்டி முடித்தபோது அத்தனை நேர்த்தி. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நைலான் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் நீளும். செமோர் இருக்கும் கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈரத்துக்கா பஞ்சம்? காலையில் பார்த்தால் விமானம் துணி காயப்போட்ட கொடிபோல நின்றது. மறுபடி ஊதுபத்தி, மறுபடி மழை. குளிர்நாட்டுக்காரர்கள் நைலானைப் புகழ்ந்தால் அது அவர்கள் ஊர் நியாயம்.

ஐந்தாவது, நீளும் நூல். பால்மர நாட்டுக்காரனுக்குக் கொஞ்சம் வெட்கமான செய்தி: இது ரப்பர் அல்ல, லைக்ரா. ரோஷத்தில் ஒரு பழைய கால்சட்டை இடுப்புப் பட்டியைப் பிரித்து ரப்பர் நூலையும் எடுத்துப் பார்த்தேன். இந்த அளவுக்கு அது வடக்கயிறு. போதாததற்கு நாள்பட்டால் பிசுபிசுத்து இற்றுப்போகும். அதனால் இன்ஃபினி மாடல் நிறுவனத்தின் 40 டெனியர் லைக்ரா நூலுக்கே வந்தேன். 40 டெனியர் என்றால் 9,000 மீட்டர் நீளம் 40 கிராம்தான். மூச்சு விட்டால் மேசையை விட்டுப் பறக்கிறது. மின்விசிறியை நிறுத்தாமல் தொடவே கூடாது.

கட்டும் முறை இது. இறக்கைகளைச் சேர்க்கும் முன்பே 0.3 மில்லிமீட்டர் துளைகளைப் போட்டுவிட வேண்டும். நூல் முனையை இடுக்கியால் பிடித்து, கம் காஜா என்னும் உடனடிப் பசையில் லேசாகத் தொட்டு, மேல் துளையில் செருகி, பத்து எண்ண வேண்டும். இங்குள்ள ஈரக் காற்றில் அந்தப் பசை சீக்கிரம் பிடிக்கும். நைலானைக் கெடுத்த ஈரம் இதற்கு உதவி. பிறகு நூலைக் கொஞ்சமாக, தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இழுத்துக் கீழ்த் துளையில் ஒட்டி, புது பிளேடால் மிச்சத்தை நறுக்கலாம். விறைத்த நைலான் மெல்லிய இறக்கையை வளைத்துவிடும், இது வளைக்காது. ஊதுபத்தியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், உருகிவிடும்.

குறை இல்லாமலில்லை. பிஈ2சி-யின் அசல் கம்பிகள் காற்றைக் கிழிக்கும்படி தட்டையாகச் செய்யப்பட்டவை. இந்த நூலில் அந்தத் தட்டை தெரியாது. 1/72-இல் யாருக்கும் தெரியப்போவதில்லை. 1/32 கட்டுகிறவர் தட்டை உலோகக் கம்பிகளையே தேட வேண்டும். இன்னொன்று நிறம்: கறுப்பு நூல் மையால் கோடிட்டதுபோல் துருத்துகிறது. பென்சில் தூளைத் தூரிகையில் தொட்டுத் தடவியதும் எஃகின் மங்கல் வந்தது.

மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது, தொய்வு இல்லை. போன வாரம் ஒரு பல்லி இறக்கைகளுக்கு நடுவே புகுந்து, நூல்களை மிதித்துக்கொண்டு மறுபக்கம் இறங்கியது. நூல்கள் அமுங்கி, அப்படியே நிமிர்ந்துகொண்டன. வாலில் கட்டிய செம்புக் கம்பிதான் வளைந்து கிடக்கிறது.